ஓர் அளவு பெரிய சட்டை

விளம்பரத் துறைக்கு வர நினைப்பவர்கள் முதலில் பகலில் தூங்கப் பழக வேண்டும். நான் அதைச் செனாவாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்த காலத்தில் பழகிக்கொண்டேன். ஜன்னலில் கறுப்புக் குப்பைப் பையை ஒட்டிவிட்டால் போதும், மேல்வீட்டில் சுவரை இடித்தாலும் எழுந்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் கல்லூரியில் பேசக் கூப்பிட்டபோது இதைத்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நீங்கள் எழுந்து, அந்தத் தீபாவளி விளம்பரப் படத்தில் வரும் பெரியவரை எப்படி அழ வைத்தீர்கள் என்று கேட்டீர்கள். சின்ன வெங்காயம் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்காமல் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன். இந்த வேலைக்கு வர நிஜமாகவே ஆசைப்படுகிறவருக்கு நிஜமான பதில் கிடைக்க வேண்டும்.

நான் டிப்ளோமாவை முடிக்கவில்லை. அப்பா இறந்ததால் படிப்பு நின்றது என்று மேடையில் சொன்னேன். அது சுருக்கிச் சொன்னது. வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டேன். அப்பா இறந்தது அதற்கு அடுத்த வருடம். ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவர் மனதில் நிற்கிறது. தொழில் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளைச் சோதிப்பது என் வேலை. மற்ற நேரத்தில் கோயில் திருவிழா பேனர், பிறந்தநாள் பேனர், இரங்கல் செய்தி என்று கிடைத்ததையெல்லாம் வடிவமைத்தேன். அவற்றை அழகாகச் சேர்த்துக் கோலாலம்பூரில் உள்ள ஏஜென்சிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். யாரும் பதில் போடவில்லை. நம் நாட்டில் தமிழில் விளம்பரம் எழுதுகிறவனும் டுரியான் பழம் மாதிரிதான், பருவத்தில் மட்டும் தேடுவார்கள். வங்கி, காப்புறுதி, பேரங்காடி எல்லாவற்றுக்கும் ஒரு தீபாவளிப் படம் வேண்டும், பார்க்கிறவர்கள் அழ வேண்டும். தீபாவளி முடிந்ததும் வரவேற்பறையில் போட்ட அரிசிக் கோலத்தோடு நம்மையும் கூட்டித் தள்ளிவிடுவார்கள்.

அப்படி ஒரு பருவத்தில்தான் ஷஹீதா என்னைக் கூப்பிட்டார். அவர் அந்த ஏஜென்சியில் கிரியேட்டிவ் டைரக்டர். சிரம்பானில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம்.

"ஆக்டர்ஸ் வேணாம், யோகேன்" என்றார். "போன வருஷம் எல்லாரும் ஆக்டர்ஸ் போட்டு அழுது முடிச்சாச்சி. எனக்கு ரியல் ஆளு வேணும். ரியல் வீடு. இருக்கா உன்கிட்ட?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் யோசித்தேன்.

நான் வளர்ந்தது கோலா சாவா பக்கம், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில். எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த வீட்டில் சன்னாசி மாமா இருந்தார். தோட்டத்து லாரி ஓட்டியவர், ஓய்வு பெற்றுவிட்டார். அவர் மனைவி வள்ளிநாயகி அத்தை, ஒரு தீபாவளிக்கு முன்பு ரந்தாவுக்குச் சாமான் வாங்கப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்துபோனார். மோட்டாரை ஓட்டியது ஒரே மகன் முகுந்தன். மழை, வளைவு, வேகம். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். அம்மாவின் கருமக்கிரியை முடிந்த மறுநாள் வீட்டை விட்டுப் போனவன் திரும்பி வரவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படையல் போடுவது நம் வழக்கம். மாமாவும் போடுவார். அத்தைக்குக் கருவாட்டுக் குழம்பு, ஒரு போத்தல் சார்சி சோடா, ஒரு புதுச்சேலை. முகுந்தனுக்கும் ஒரு புதுச்சட்டை வாங்குவார். ஆனால் அது படையலுக்குப் பக்கத்தில்கூட வராது. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். வந்ததும் போட்டுக்கொள்வதற்கு. ஒவ்வொரு வருடமும் ஓர் அளவு பெரிதாக வாங்குவார்.

"வயசு ஏறுதுல்ல, தொப்பை வந்திருக்கும்லா" என்பார். "அவங்க அம்மா வழி உடம்பு. காத்து குடிச்சாலே ஊதிடும்."

இதை ஷஹீதாவிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த காப்பியை மேசையில் வைத்துவிட்டார். அளவு கூடிக்கொண்டே போகும் சட்டை. கிளையண்ட் ஒரு காப்புறுதி நிறுவனம். அன்று மாலையே ஒத்துக்கொண்டார்கள். படம் நன்றாக வந்தால் எனக்கு நிரந்தரமாக ஒரு மேசை என்று ஷஹீதா சொன்னார். அந்த மேசை எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும். நீங்களும் அதற்காகத்தானே அன்று எழுந்து நின்றீர்கள்.

அவர் ஒன்று மட்டும் கேட்டார். பையன் உண்மையிலேயே காணாமல் போனவனா என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். படம் வந்த மறுநாள் அவன் வந்து நின்றால் கிளையண்டுக்கு அசிங்கம். நியாயமான கேள்வி. விசாரித்தேன். லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும். நாலைந்து பேரிடம் சொல்லி வைத்தேன். யாருமே இதுவரை அப்படித் தேடவில்லை என்பதுதான் வேடிக்கை. மாமா தேடவில்லை. ஓடிப்போனவனைத் துரத்தக்கூடாது, அவனாக வர வேண்டும் என்பது அவர் எண்ணம்.

முகுந்தன் கிடைத்துவிட்டான். ஜொகூரில், பாசிர் கூடாங்கில், கண்டெய்னர் யார்டில் வேலை.

அவனைச் சுங்கை காடுட்டில் நாகூர் கனி கடையில் ஒரு மத்தியானம் சந்தித்தேன். பஸ்ஸில் வந்திருந்தான். மோட்டாரைத் தொடுவதில்லை என்றான். தொப்பை இல்லை. தோள் எலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"அண்ணே, அப்பா என்னைப் பத்திப் பேசுறாரா?"

"எப்பயாச்சும்."

"திட்டுறாரா?"

நான் தே தாரிக் டீயைக் குடித்தேன்.

"அவரு வாடான்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பயே வந்துடுவேன்ணே. நானா எப்படிப் போயி நிக்கிறது? அம்மாவ பின்னாடி ஒக்கார வெச்சிக் கூட்டிட்டுப் போயி, தனியா வீட்டுக்கு வந்தவன்லா நானு."

நாகூர் கனி மேசையைத் துடைக்க வந்தார். "என்ன யோகேன், தம்பி யாரு? சாப்பாட்டையே தொடல. எங்க கறி மேல அவ்ளோ கோவமா?"

"கூட வேலை செய்றவரு, பாய்" என்றேன்.

அங்கிருந்து தோட்டம் பக்கம்தான். என் மோட்டார் வெளியே நின்றது. பின் இருக்கை காலியாக இருந்தது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் என் நிலைமையையும் பாருங்கள். கதை விற்றாகிவிட்டது. அந்தக் கதையில் மகன் இல்லை. இன்று இவனைக் கூட்டிக்கொண்டுபோய் விட்டால் தோட்டத்தில் ஒரு நாள் பேசுவார்கள், அதோடு முடிந்தது. காத்திருப்பு இந்தத் தீபாவளிக்கு. திரும்பி வருவது அடுத்த தீபாவளிக்கு. முதல் படத்தைப் பார்த்து நாடே அழுத பிறகு அவன் அந்த வாசலில் வந்து நின்றால், அதுவரை யாரும் எடுக்காத படம் அது. அவர்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. யாரும் எதையும் இழக்கப் போவதில்லை, ஒரு வருடம் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான்.

"இன்னும் கோவம் ஆறல" என்றேன். "அவசரப்பட்டுப் போயி நின்ன, மூஞ்சியிலயே முழிக்க மாட்டாரு. நான் கொஞ்சம் கொஞ்சமா பேசி வைக்கிறேன். அடுத்த தீபாவளிக்கு நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு சாப்பிட்டான்.

ஷஹீதாவிடம் மகன் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்று சொன்னேன்.

படப்பிடிப்பு ஆகஸ்டில். தீபாவளிக்கு ரொம்ப முன்னாலேயே படையல் போட வேண்டும் என்றபோது மாமா மறுக்கவில்லை. "அவளுக்கு எப்ப போட்டாலும் சாப்பிடுவாடா" என்றார். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அக்காதான் சமைத்துக் கொடுத்தார். மனைவி போனதிலிருந்து மாமாவுக்குத் தினமும் ஒரு வேளைச் சோறு அவர் வீட்டிலிருந்துதான்.

மாமா நன்றாகச் செய்தார். இலை போட்டார், குழம்பு ஊற்றினார், ஆணியில் சட்டையை மாட்டினார். ஆனால் அழவில்லை. ஒவ்வொரு டேக்கும் வேடிக்கையில் முடிந்தது.

"அழணுமா? மொதல்லயே சொல்லியிருந்தா நேத்து லாட்டரில ரெண்டு நம்பர் எடுத்திருப்பேன்லா. அடிக்காட்டி தானா அழுவ வந்துருக்கும்."

"வெங்காயம் நறுக்கித் தரவாண்ணே?" என்றார் புஷ்பவள்ளி அக்கா. "ஒங்களுக்குக் கண்ணுல தண்ணி வரணும்னா ஒரு கூடை வேணும்."

கேமராக்காரர்கள் சிரித்தார்கள். ஷஹீதாவும் சிரித்தார். பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது. ஆணியிலிருக்கும் சட்டையை மாமா எடுத்து இலைக்குப் பக்கத்தில், அத்தையின் சேலையோடு வைத்தால் எப்படி இருக்கும். நம்பிக்கையை விட்டுவிடுகிறார். அதுதான் ஷாட்.

மாமாவின் முகம் மாறியது. ஆனால் மரியாதையாகத்தான் பேசினார். "அது வேணாம், பாப்பா. உசுரோட இருக்கவனுக்கு யாராச்சும் படையல் போடுவாங்களா? அவங்க அம்மா எறங்கி வந்து எனக்குப் பளார்னு ஒண்ணு விடுவா."

"சாரி அங்கிள்" என்றார் ஷஹீதா உடனே. என்னிடம், "விடு யோகேன். ஆணிலயே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

அவர் மேல் பழி போட முடியாது. அவர் விட்டுவிட்டார். ஆனால் அந்தச் சொல்லை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். நான் செய்த எல்லாப் பேனரையும் பார்த்து எல்லோரும் சொன்ன சொல் அதுதான், நல்லாத்தான் இருக்கு. நல்லாத்தான் இருக்கும் ஒரு படத்துக்கு யாரும் மேசை கொடுப்பதில்லை. எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் மாமாவை வீட்டுக்குப் பின்னால், செம்பனை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சுருட்டைப் பற்ற வைத்தார். முகுந்தனைப் பற்றி விசாரித்தேன், ஜொகூரில் ஒரு லாரி டிரைவர் சொன்னார், போன வருடமே முடிந்துவிட்டதாம் என்றேன். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்தேன் என்றும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. தேவையில்லாத ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

அவர் சுருட்டின் சாம்பலைத் தட்டினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மோட்டார்லயா?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆமாம் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அதை அவர் முன்பே அறிந்திருந்ததைப் போல ஆட்டினார். சுருட்டை மரத்தில் தேய்த்து அணைத்துவிட்டு உள்ளே போனார். நான் முன்னால் ஓடி, கேமராவை ஆன் செய்யச் சொன்னேன்.

நீங்கள் பார்த்தது அதைத்தான். ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். புதுச்சட்டையில் மடிப்புக் கலையாமல் இருக்கக் குண்டூசி குத்தியிருப்பார்கள் அல்லவா, அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். குத்திவிடக் கூடாது என்பதற்காக. காலருக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். கடைசி ஊசி கிடைத்ததும் சட்டையைச் சேலை மேல் வைத்தார். அதன் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. அதைப் படத்தில் பாதியாகக் குறைத்துவிட்டோம், முழுதாக வைத்தால் ஆட்கள் நிறுத்திவிடுவார்கள் என்று எடிட்டர் சொன்னார். கேமராக்காரர் சீனர், தமிழ் தெரியாது, அவரும் அழுதார். ஒரே டேக். குண்டூசி யோசனை யாருடையது என்று விருது விழாவில் கேட்டார்கள். என்னுடையது என்றேன்.

படம் வந்த பிறகு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு மேசை கிடைத்தது. முகுந்தன் போன் செய்தான். படத்தைப் பார்த்திருக்கிறான்.

"எனக்குப் படையல் போட்டுட்டாராண்ணே?"

"படம்டா அது. எழுதிக் கொடுத்ததைச் செஞ்சாரு."

"அப்படின்னா இன்னும் கோவம் போகல."

"குறைஞ்சிக்கிட்டு வருது" என்றேன். "பொறு."

மாமா அந்தத் தீபாவளிக்குச் சட்டை எடுக்கவில்லை. சோற்றைத் தொடுவதில்லை என்று புஷ்பவள்ளி அக்கா போன் செய்தார். "அந்த ஆணியையே புடுங்கிட்டாரு தம்பி. பேச்சும் இல்ல, கிண்டலும் இல்ல. நீ என்னத்த சொன்ன அவருகிட்ட?"

"ஒண்ணும் சொல்லலக்கா. படத்துல நடிச்ச களைப்பா இருக்கும்."

"நடிச்ச களைப்புல யாராச்சும் சுவத்தப் பாத்துப் படுத்திருப்பாங்களா?"

போய்ப் பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. மகன் செய்தியை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மகன் விழுந்த இடத்தைக் கேட்டுச் சொல்லச் சொன்னார், ஒரு சூடம் கொளுத்திவிட்டு வர வேண்டும் என்றார். எனக்குச் சட்டென்று ஜொகூரில் வேறு ஊர் வாயில் வரவில்லை. பாசிர் கூடாங்கில் ஒரு சிக்னல் என்றேன். போவார் என்று நினைக்கவில்லை. தனியாகப் பஸ் ஏறிப் போய், லாரிகள் போகும் ஒரு சிக்னல் ஓரத்தில் உட்கார்ந்து சூடம் கொளுத்திவிட்டு வந்திருக்கிறார். முகுந்தன் வேலை செய்யும் யார்ட் அந்தச் சாலையில்தான். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோது எனக்கு வியர்த்தது. இரண்டாவது படத்தின் திட்டத்தை அப்போதுதான் கிளையண்டிடம் கொடுத்திருந்தோம். மகன் கிடைத்துவிட்டான் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். முதல் பார்வை கேமரா முன்னால் நடக்க வேண்டும் என்பது அதில் முதல் வரி.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். ஒருமுறை தோட்டத்து வாசல்வரை போனேன். ஆனால் சொன்னால் அவர் அன்றே ஜொகூருக்குக் கிளம்பிவிடுவார். எல்லாம் கலைந்துவிடும். அடுத்த படப்பிடிப்பு நடக்கும் ஆகஸ்ட்வரை மட்டும் அவர் தாக்குப்பிடித்தால் போதும் என்று புஷ்பவள்ளி அக்காவிடம் சத்துமாவு டின்கள் வாங்கிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

தைப்பூசம் முடிந்து சில நாளில் அவர் தூக்கத்தில் இறந்துபோனார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். அதில் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

மகன் இல்லாததால் கொள்ளி யார் வைப்பது என்று பேச்சு வந்தது. நான் வைக்கிறேன் என்றேன். மொட்டை போட்டுக்கொண்டு, ஈர வேட்டியோடு குடம் சுமந்து, சிரம்பான் மின்சுடலையில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். பெரியவர்கள் என் தோளைத் தட்டினார்கள். பெத்த புள்ளகூட இப்படிச் செய்யாது என்றார் புஷ்பவள்ளி அக்கா. அப்போது கழற்றி வைத்த என் சட்டையின் பையில் போன் இருந்தது, அதில் முகுந்தனின் எண் இருந்தது. கூப்பிட்டிருந்தால் மாலைக்குள் வந்திருப்பான். ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் அவன் உயிரோடு வந்து நின்றிருந்தால், ஒரே நேரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டிருப்பார்கள். துக்க வீட்டில் அது நன்றாக இருக்காது.

கருமக்கிரியை முடிந்த பிறகு அவனிடம் சொன்னேன். கடைசியில் கோபமெல்லாம் போய்விட்டது, உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், திடீரென்று ஆகிவிட்டது என்றேன். அவன் போனை வைக்கவே இல்லை. பின்னால் கிரேன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது படத்தில் கதையைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. அப்பாவுக்கு மகன் படையல் போடுகிறான். பழைய சட்டைகளை மாமா யாருக்கும் கொடுக்காமல் பெட்டியில் வைத்திருந்தார், அளவு வாரியாக. கடைசிச் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டோம். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. தைத்துச் சின்னதாக்கவா என்று உடை பார்க்கிற பெண் கேட்டாள். வேண்டாம் என்றார் ஷஹீதா. அவருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

படையலுக்கு உட்காரும் முன் முகுந்தன் என்னைப் பார்த்துக் கேட்டான். "அண்ணே, அப்பா எனக்குப் படையல் போட்டப்ப அழுதாரே. நான் செத்துட்டேன்னு நம்பிட்டாரோ?"

"இல்லடா. நீ இருக்கேன்னு அவருக்குத் தெரியும். நல்லா நடிச்சாரு."

அவன் முகம் தெளிந்தது. லேசாகச் சிரித்தான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. படம் அந்தச் சிரிப்பில்தான் முடிகிறது. இப்போதும் தீபாவளி தவறாமல் எனக்கு முறுக்கு அனுப்புகிறான்.

நீங்கள் இதை யாரிடமும் காட்ட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பயிற்சிக்கு நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தைப் பார்த்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். இதையும் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மகன் செத்துவிட்டான் என்று சொல்லித்தான் அவரை அழ வைத்தேன். அவன் உயிரோடு இருப்பது அப்போதே எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் அடுத்த தீபாவளிக்குச் சரிசெய்துவிடுவதாகத்தான் இருந்தேன். ஒரு வருடம்தான் கேட்டேன். அவர்தான் காத்திருக்கவில்லை.